விற்பனைக்கு வராத கார்கள்

கல்லூரியில் தொழிற்பொருளியல் பாடம் நடத்திய காலத்தில், மோட்டார் வாகனத் தொழில் பற்றிய வகுப்பு வந்தால் டெட்ராய்ட்டில் தொடங்கி டெட்ராய்ட்டிலேயே முடித்துவிடுவேன். ஹென்றி ஃபோர்டு, நகரும் தொகுப்பு வரிசை, பேரளவு உற்பத்தியின் சிக்கனங்கள், குறைந்துகொண்டே போகும் சராசரிச் செலவு என்று கரும்பலகை நிறைந்துவிடும். ஒருநாள் பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். மோட்டார் கண்காட்சிகளில் ஒரே ஒரு கார் மட்டும் செய்து மேடையில் நிறுத்துகிறார்களே, அது விற்பனைக்கும் வருவதில்லை, சாலைக்கும் வருவதில்லை, அதற்கு என்ன பொருளாதாரம் என்று கேட்டார். அது விளம்பரச் செலவு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அந்த விடை தவறானது என்பதை ஓய்வுபெற்ற பிறகுதான் உணர்ந்தேன். உணர்த்தியது ஒரு மனிதரின் வாழ்க்கை. இத்தாலியின் டூரின் நகரத்துக் கார் வடிவமைப்பாளர் பத்திஸ்தா பினின்ஃபரீனாதான் அவர். அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்க நம் நாட்டு மஹிந்திரா குழுமம் 2015 டிசம்பரில் ஒப்பந்தம் செய்தபோது அந்தப் பெயர் நம் செய்தித்தாள்களிலும் அடிபட்டது. ஏதோ ஓர் அயல்நாட்டு நிறுவனம் என்ற அளவில்தான் நம்மில் பலரும் அதைப் படித்திருப்போம். ஒரு கூட்டுக் குடும்பத்தில் சின்னவனாகப் பிறந்த ஒருவரின் செல்லப்பெயர் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

1893 நவம்பர் 2-ஆம் தேதி பிறந்தவர் பத்திஸ்தா ஃபரீனா. வீட்டில் பதினொரு பிள்ளைகள்; அவர் பத்தாமவர். இத்தாலியின் வடமேற்கில் உள்ள பீட்மான்ட் வட்டாரப் பேச்சில் 'பினின்' என்றால் சின்னவன் என்பதுபோலப் பொருள். கணக்குப் பார்த்தால் அவர் கடைக்குட்டி அல்லர். ஆனால் செல்லப்பெயர்கள் கணக்குப் பார்த்து வருவதில்லையே! சிறுவயதிலேயே மூத்த அண்ணன் ஜொவான்னியின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தப் பட்டறை செய்த தொழிலை நம் வாசகர்களுக்கு விளக்குவது எளிது. மேற்கூரையோ பக்கச் சுவரோ இல்லாத வெறும் பேருந்து சேஸிஸை, தலைக்கவசம் அணிந்த ஓட்டுநர் ஒருவர் வெயிலிலும் காற்றிலும் ஓட்டிச் செல்வதை நம் நெடுஞ்சாலைகளில் பலரும் பார்த்திருப்போம். அது கரூர் போன்ற ஊர்களுக்குப் போய், அங்கே 'பாடி' கட்டப்பட்டு, பேருந்தாகத் திரும்பும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் கார்களும் அப்படித்தான் உருவாயின. தொழிற்சாலை எஞ்சினும் சேஸிஸும் தரும். செல்வந்தர் அதை வாங்கி, தமக்குப் பிடித்த பட்டறையில் கூடு கட்டிக்கொள்வார். நேற்றுவரை குதிரை வண்டிக்குக் கூடு கட்டியவர்களே பெரும்பாலும் அந்தப் பட்டறைக்காரர்கள்.

பினினுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும்போது ஃபியட் நிறுவனம் 'ஜீரோ' என்னும் காரைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அதன் முகப்பில் அமையும் ரேடியேட்டருக்கு அவர் ஒரு வடிவம் வரைந்து கொடுத்தார். ஃபியட்டின் சொந்த வரைவாளர்கள் தந்த வடிவங்களை ஒதுக்கிவிட்டு, நிறுவனத் தலைவர் ஜொவான்னி அனெல்லி இந்த இளைஞரின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். பெரிய நிறுவனத்துக்கு உள்ளே இருப்பவர்களால் காண முடியாத ஒன்றை வெளியில் இருப்பவர் காண முடியும் என்பது அவர் வாழ்க்கையில் அப்போதே ஒருமுறை மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

முதல் உலகப்போர் முடிந்த பின், 1920-இல் அமெரிக்கா சென்றார். டெட்ராய்ட்டில் ஹென்றி ஃபோர்டைச் சந்தித்தார். ஃபோர்டு அவருக்கு வேலை தர முன்வந்தார், அவர் ஏற்கவில்லை. உலகின் மிகப் பெரிய கார் நிறுவனத்தின் அழைப்பை ஏற்காமல் அண்ணன் பட்டறைக்குத் திரும்பியதை அந்நாளில் பலர் அறியாமை என்றே நினைத்திருப்பார்கள். என் மாணவர்களில் எவரேனும் அப்படிச் செய்திருந்தால் நானும் அப்படித்தான் கருதியிருப்பேன். ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஒரே கூட்டைத் திரும்பத் திரும்பச் செய்யும் தொழிற்சாலையின் வலிமையைக் கண்ணால் கண்டு வந்தார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக ஒவ்வொரு கூடு கட்டும் தம் குடும்பத் தொழிலுக்கு எவ்வளவு நாள் வாழ்வு இருக்கும் என்ற கேள்வியும் அப்போதே அவருக்குள் எழுந்திருக்க வேண்டும்.

அதற்கான விடையைத் தேடித்தான் 1930-இல் அண்ணனைப் பிரிந்து, டூரினில் தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார் என்று நான் எண்ணுகிறேன். மனைவி வழி உறவினரின் உதவி கிடைத்தது. கார் உற்பத்தியாளரும் நண்பருமான வின்சென்ஸோ லான்ச்சா துணை நின்றார். 'ஃபரீனா' என்ற பெயரில் அண்ணனின் நிறுவனம் ஏற்கெனவே இருந்ததால், தம்பியின் நிறுவனத்துக்குச் செல்லப்பெயரும் சேர்ந்து 'பினின் ஃபரீனா' என்று பெயராயிற்று. அமெரிக்காவில் தொடங்கிய பெருமந்தம் ஐரோப்பாவைக் கவ்விக்கொண்டிருந்த ஆண்டு அது. தனிக்கூடு கட்டிக்கொள்ளும் செல்வந்தர்களின் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டிருந்தது.

தொழிலுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வேறு திசையிலிருந்து வந்தது. சேஸிஸ் வேறு, கூடு வேறு என்ற முறையே மாறத் தொடங்கியது. கூடே சுமை தாங்கும் அமைப்பாகி, இரண்டும் ஒன்றாக வார்க்கப்பட்டதுபோல அழுத்து எந்திரங்களிலிருந்து வெளிவரும் முறை பரவியது. அந்த மாற்றத்தின் முன்னோடிகளில் ஒருவர், பினினுக்குத் துணை நின்ற அதே லான்ச்சாதான். சேஸிஸே தனியாக வராது என்றால் அதன்மேல் கூடு கட்டுபவருக்கு என்ன வேலை? ஐரோப்பா முழுவதும் நூற்றுக்கணக்கான பட்டறைகளின் முன் நின்ற கேள்வி இது. பெரும்பாலானவற்றால் இதற்கு விடை சொல்ல முடியவில்லை.

பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. 1946-இல் போருக்குப் பிந்தைய முதல் பாரிஸ் மோட்டார் கண்காட்சி நடந்தபோது, பகை நாட்டவர் என்ற காரணத்தால் இத்தாலியர்களுக்கு அதில் இடம் தரப்படவில்லை. ஐம்பத்து மூன்று வயதை எட்டிக்கொண்டிருந்த பினின், இருபது வயது மகன் செர்ஜியோவை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். ஆல்ஃபா ரோமியோ ஒன்று, லான்ச்சா ஒன்று என, தாம் கூடு கட்டிய இரண்டு கார்களைத் தந்தையும் மகனும் டூரினிலிருந்து பாரிஸுக்கு ஓட்டி வந்தார்கள். பயணத் தூசியைக் கழுவித் துடைத்து, கண்காட்சி நடந்த கிராண்ட் பலே மாளிகையின் வாசலில் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். உள்ளே போகும் ஒவ்வொருவரும் அவற்றைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. கூட்டம் அங்கேயே கூடியது. மாலையில் ஆப்பெரா சதுக்கத்திலும் அப்படியே. அரங்க வாடகை இல்லாமல், அனுமதிச்சீட்டு இல்லாமல், அந்த ஆண்டின் பேச்சுப்பொருளாக அவை ஆயின. அதிகாரிகள் எரிச்சலடைந்தார்கள் என்றும் சொல்வார்கள், அதில் வியப்பில்லை.

அடுத்த ஆண்டில் சிசிதாலியா என்னும் சிறு நிறுவனத்துக்காக அவர் கூடு அமைத்த 202 என்ற கார், பின்னாளில் உலகப்புகழ் பெற்றது. அதுவரை கார் என்றால் எஞ்சின் பெட்டி, சக்கரத்தின் மேல் வளைந்த மட்கார்டு, துருத்திக்கொண்டிருக்கும் விளக்கு என்று தனித்தனி உறுப்புகளின் தொகுப்பு. அவற்றை எல்லாம் ஒரே தோலால் போர்த்தியதுபோல இணைத்தது இந்தக் கார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1951-இல் எட்டுக் கார்களைக் கலைப்பொருள்களாகக் காட்சிக்கு வைத்தபோது அவற்றுள் இதுவும் ஒன்று. இதன் தொடக்கநிலை வரைவுகள் சிசிதாலியாவின் பொறியாளர் சவோனுஸ்ஸியுடையவை என்பதையும் சொல்லியாக வேண்டும். கூட்டு முயற்சியில் பிறந்த பொருளுக்கு ஒரே ஒரு தந்தையைத் தேடுவது வீண்வேலை. ஆனால் புகழ் எப்போதும் ஒரு பெயரைத்தான் தேடிப் போகிறது. சிசிதாலியா நிறுவனமோ நீண்ட நாள் நிலைக்கவில்லை.

இங்கேதான் பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு ஆர்வம் பிறக்கிறது. கென்னத் ஆரோ என்ற பொருளியல் அறிஞர் 1962-இல் எழுதிய ஒரு கட்டுரையில், கருத்தை விற்பதில் உள்ள முரண் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஒரு கருத்தின் மதிப்பை அறியாமல் எவரும் அதற்கு விலை கொடுக்க மாட்டார்கள். மதிப்பை அறிய வேண்டுமானால் கருத்தை வெளிப்படுத்தியாக வேண்டும். வெளிப்படுத்திவிட்டாலோ வாங்குபவர் காசு கொடுக்கத் தேவையே இல்லை. ஆண்டுகள் பலவாக வகுப்பில் நடத்திய பாடம் இது. ஒரு காரின் வடிவத்தைப்போல இந்த முரணுக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை. மேடையில் நிறுத்திய மறுநொடியே அது உலகத்தாரின் கண்ணுக்குச் சொந்தமாகிவிடுகிறது.

பினின் இந்தக் கட்டுரையைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அந்த முரணுக்குள்ளேயே வாழ்ந்து, அதற்கு நடைமுறையில் ஒரு தீர்வும் கண்டார். கார் நிறுவனம் சேஸிஸையும் எஞ்சினையும் தரும். வடிவமைப்பு இல்லம் தன் வரைவாளர்களையும், மரத்தில் அமைத்த அச்சின்மேல் தகட்டைத் தட்டித் தட்டி வளைக்கும் கைவினைஞர்களையும் தரும். இருவர் பெயரும் தாங்கிய ஒற்றைக் கார் கண்காட்சிக்குப் போகும். மக்கள் நின்று பார்க்கிறார்களா, கடந்து போகிறார்களா என்பது சில நாள்களில் தெரிந்துவிடும். பெருவாரியாகக் கூடு அழுத்துவதற்கான அச்சுகளுக்கு ஆகும் முதலீடு மலையளவு. தவறான வடிவத்துக்கு அச்சு செய்துவிட்டால் ஒரு நிறுவனமே மூழ்கிவிடக்கூடும். அந்த முதலீட்டுக்கு முன் செய்யும் மலிவான சோதனையே இந்த ஒற்றைக் கார். தோல்வியுற்றால் நட்டம் ஒரு காரோடு முடிந்துவிடும். என் மாணவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான். இதற்கு விளம்பரக் கணக்கில் பற்று எழுதுவது பிழை. இது தகவலுக்குக் கொடுக்கும் விலை.

இன்னொன்றையும் அவர் செய்தார். வடிவத்தை மட்டும் விற்காமல், அந்த வடிவில் சில நூறோ சில ஆயிரமோ கார்களைக் கட்டித்தரும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். பெரிய நிறுவனத்துக்கு அது மிகச் சிறிய எண்ணிக்கை, தனிப் பட்டறைக்கு மிகப் பெரிய எண்ணிக்கை. இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளிதான் அவருடைய சந்தை. 1955-இல் வந்த ஆல்ஃபா ரோமியோ ஜூலியத்தா ஸ்பைடர் அந்த வழியில் வளர்ந்த கார். அமெரிக்காவில் ஃபோர்டின் வேலையை ஏற்காமல் வந்தவர், அங்கே கண்ட பாடத்தைத் தம் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொண்டார்.

ஃபெராரியோடு அவர் கைகோத்த கதை பலரும் அறிந்ததே. என்ஸோ ஃபெராரி மொடெனாவில் இருந்தார், பினின் டூரினில். இருவரும் தன்மதிப்பு மிக்கவர்கள். ஒருவர் அலுவலகத்துக்கு மற்றவர் போக விரும்பவில்லை. 1951-இல் இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொர்த்தோனா என்ற சிற்றூரின் உணவகம் ஒன்றில் சந்தித்தார்கள். சம்பந்தம் பேச இரு வீட்டாரும் பொது இடத்தில் கூடுவதை நினைவூட்டும் காட்சி இது. அன்று தொடங்கிய உறவு அரை நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. அதைப் பேணும் பொறுப்பை மகன் செர்ஜியோவிடம் ஒப்படைத்தார் பினின்.

ஆனால் ஃபெராரியைவிட உலகச் சாலைகளை மாற்றியது வேறொரு கார் என்பேன். 1955-இல் டூரின் கண்காட்சியில் லான்ச்சாவின் அடித்தளத்தில் அமைத்த 'ஃப்ளோரிடா' என்ற கருத்துரு காரை அவர் காட்டினார். உருண்டை திரண்ட கார்களின் காலம் அது. ஃப்ளோரிடாவோ தட்டையான பரப்புகளும் தெளிவான விளிம்புகளுமாக, மடிப்புக் கலையாத சட்டையைப்போல நின்றது. அதிலிருந்து லான்ச்சாவின் ஃப்ளமினியா பிறந்தது. 1957-இல் செய்த இரண்டாம் ஃப்ளோரிடாவைப் பினின் தம் சொந்தப் பயன்பாட்டுக்கே வைத்துக்கொண்டார். அந்த வடிவச் சிந்தனை பிரிட்டனின் ஆஸ்டின் ஏ40 காரிலும், அந்நாட்டின் நடுத்தரக் குடும்பங்கள் ஓட்டிய பல கார்களிலும், 1960-இல் வந்த பிரான்ஸின் பீஜோ 404 காரிலும் தொடர்ந்தது. விற்பனைக்கே வராத ஒரு கார், மூன்று நாடுகளின் தெருக்களுக்கு முகம் கொடுத்தது.

இந்த வரலாற்றில் நம் நாடும் ஒரு மூலையில் வருகிறது. நம் அம்பாசடர், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார். 1959-இல் பிரிட்டனில் அந்த வடிவம் கைவிடப்பட்டு, அதன் இடத்தில் பினின் ஃபரீனா வடிவமைத்த ஐந்தாம் வரிசை வந்தது. அதற்குச் சற்று முன்னரே பழைய வடிவம் வங்காளத்தின் உத்தரபாரா வந்து சேர்ந்திருந்தது. அங்கே கைவிட்டதை இங்கே 2014 வரை கட்டிக்கொண்டிருந்தோம். முகப்புக் கம்பிகளை மட்டும் அவ்வப்போது மாற்றினோம். பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கார் வாங்கும் நாட்டில் புதிய வடிவத்துக்கு யார் காசு செலவழிப்பார்? உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தைப் பற்றி எத்தனையோ புள்ளிவிவரங்கள் உள்ளன. எனக்கு அம்பாசடரின் முதுகே போதுமான சான்று.

ஒரே வடிவத்தைப் பல நிறுவனங்களுக்கு விற்றுவிட்டார் என்ற குறை பினின்மீது அப்போதே எழுந்தது. பீஜோ 404-ஐயும் ஆஸ்டின் கேம்பிரிட்ஜையும் அடுத்தடுத்து நிறுத்தினால் உடன்பிறப்புகள் என்றே தோன்றும். ஒன்றோடொன்று போட்டியிடும் இருவருக்கு ஒரே தையற்காரர் ஒரே வெட்டில் சட்டை தைத்துத் தருவது முறையா என்பது நியாயமான கேள்விதான். இதில் அவரை முழுமையாக விடுவிக்க நான் தயாராக இல்லை. அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1952-ஆம் ஆண்டுக் கார்களில் அவர் கருத்துகளில் சிலவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டு, பெரும்பகுதியைத் தன் வரைவாளர்களைக் கொண்டே முடித்தது. ஆனால் விளம்பரங்களில் அவர் பெயரையே முன்னிறுத்தியது. அவரும் மறுக்கவில்லை. கூடு கட்டியவரின் பெயர் கூட்டைவிட விலைபோகும் பண்டமாகிவிட்டிருந்தது.

பெயருக்கு இப்படி விலை ஏறிக்கொண்டிருந்த வேளையில், அதே நகரத்தில் அதே குடும்பப் பெயரைத் தாங்கிய மற்றொரு வாசல் மூடப்பட்டது. அண்ணன் ஜொவான்னி தொடங்கிய ஃபரீனா பட்டறை 1953-இல் நின்றுபோயிற்று. தம்பிக்குத் தொழில் கற்றுத்தந்த இடம் அது. அண்ணன் மகன் நீனோ ஃபரீனா, 1950-இல் ஃபார்முலா 1 பந்தயத்தின் முதல் உலகச் சாம்பியனாகிக் குடும்பப் பெயரை உலகெங்கும் ஒலிக்கச் செய்திருந்தார். அந்தப் புகழும் பட்டறையைக் காப்பாற்றப் பயன்படவில்லை. கைத்திறனில் அண்ணனின் ஆள்கள் குறைந்தவர்கள் அல்லர். கூடு கட்டும் தொழில் கருத்து விற்கும் தொழிலாக மாறிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக்குள் ஒருவர் அந்தப் பாலத்தைக் கடந்தார், மற்றவரின் பட்டறை இக்கரையிலேயே நின்றுவிட்டது. தம்பி அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். அந்த வாசலைக் கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் அவர் மனம் கனத்திருக்காதா?

அந்தப் பழைய பட்டறையில் பயின்ற ஓர் இளைஞரின் கைவண்ணம் சென்னை வரை வந்தது. ஜொவான்னி மிகெலோத்தி அண்ணன் ஃபரீனாவிடம் தொழில் கற்றுத் தனியே சென்று, 1959-இல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு காரை வடிவமைத்தார். அதுவே சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரானது. எங்கள் ஊர் மருத்துவர் ஒருவரிடம் அந்தக் கார் இருந்தது. அதன் முன்பகுதி முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, முதலை வாய் பிளப்பதுபோல முன்புறம் சாய்ந்து திறக்கும். அதைப் பார்ப்பதற்காகவே, வண்டி பழுதாகாதா என்று சிறுவர்களாகிய நாங்கள் காத்திருப்போம். டூரினில் மூடப்பட்ட ஒரு பட்டறையின் எச்சம் அது என்று எங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

1958-இல் பினின் டூரினை ஒட்டிய குருலியாஸ்கோவில் பெரிய தொழிற்சாலைக்கு இடம் மாறினார். 1961-இல் இத்தாலியக் குடியரசுத் தலைவரின் ஆணைப்படி குடும்பப் பெயரே 'பினின்ஃபரீனா' என்று மாற்றப்பட்டது. வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயர் சட்டப்படியான பரம்பரைப் பெயராயிற்று. அதே ஆண்டில் மகன் செர்ஜியோவிடமும் மருமகன் ரென்ஸோ கார்லியிடமும் நிறுவனத்தை ஒப்படைத்தார்.

வயது ஏற ஏற அவருடைய கருத்துரு கார்கள் துணிச்சல் மிகுந்தவையாயின. டூரின் பல்தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் மொரெல்லியின் காற்றியக்க ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 1960-இல் 'எக்ஸ்' என்ற காரைக் காட்டினார். முன்னால் ஒரு சக்கரம், நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, பின்னால் ஒன்று. மேலிருந்து பார்த்தால் சாய்சதுரம். காற்றைக் கிழித்துச் செல்வதில் அக்காலக் கார்களை அது எங்கோ பின்னுக்குத் தள்ளியது. ஆனால் எந்த நிறுவனமும் அதை உற்பத்திக்கு எடுத்துக்கொள்ளவில்லை. உடன் உழைத்த கார் நிறுவனம் எதுவும் அதில் இல்லை. ஆகவே அதைக் காப்பாற்றும் அக்கறையும் எவருக்கும் இல்லை என்பது என் கணிப்பு. 1963-இல் குவாத்ரோருவோத்தே என்ற மோட்டார் இதழின் ஒத்துழைப்போடு 'சிக்மா' என்ற பாதுகாப்புக் காரும் வந்தது. மோதினால் நொறுங்கி அதிர்ச்சியைத் தாங்கும் முன்பின் பகுதிகள், பக்கவாட்டில் நகரும் கதவுகள், மெத்தையிட்ட உட்புறம் எனப் பயணியின் உயிரை மையமாக வைத்துச் சிந்தித்த வடிவம் அது. வேகத்தையும் அழகையும் விற்றுப் பெயர் பெற்ற மனிதர் தம் எழுபதாவது வயதில் இதற்கு வந்து சேர்ந்தார்.

ஃபெராரியோடு ஒரு நீண்ட வழக்கும் இருந்தது. எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால், காரின் நடுவில் வைக்க வேண்டும் என்று பினின்ஃபரீனா தரப்பு வற்புறுத்தியது. பந்தயக் காருக்கு அது சரி, வாடிக்கையாளர் ஓட்டும் காருக்கு ஆபத்து என்று என்ஸோ ஃபெராரி மறுத்துவந்தார். வாதம் எடுபடாத இடத்தில் கார் எடுபட்டது. 1965 பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட 'டினோ' என்ற ஒற்றைக் கார், சில ஆண்டுகளில் விற்பனைக்கு வந்த டினோவின் தாய் வடிவம். கூட்டாளியின் மனத்தை மாற்றுவதற்கும் கருத்துரு கார் கருவியாகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அவர் வாழ்வின் கடைசிக் கார் பத்தாண்டு வளர்ந்த கார். 1956-இல் ஆல்ஃபா ரோமியோ தன் பந்தயக் கார் ஒன்றின் அடித்தளத்தைப் பினினிடம் தந்தது. அதன்மேல் 'சூப்பர்ஃப்ளோ' என்ற கூட்டை அமைத்துக் காட்டினார். பிறகு அந்தக் கூட்டை நீக்கி, அதே அடித்தளத்தில் வேறொன்று. 1960-க்குள் நான்கு முறை அப்படி உடை மாற்றிவிட்டார். முதலில் இருந்த கண்ணாடிக் கூரையும் மீன் துடுப்பு போன்ற விளிம்புகளும் மெல்ல மறைந்தன. படகுபோல் குறுகி முடியும் பின்புறமும், பக்கவாட்டில் நீளமாக ஓடும் குழிவும் எஞ்சி நின்றன. அந்த எச்சங்களைக் கொண்டு உருவான சிறிய திறந்த கார் 1966 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாயிற்று. பின்னர் அதற்கு 'டுவெத்தோ' என்று பெயர் சூட்டினார்கள். அதன் வடிவத்தைக் கண்டு கணவாய் மீன் ஓடு என்று இத்தாலியர்கள் கேலி பேசினார்கள்.

அந்த அறிமுகம் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், ஏப்ரல் 3-ஆம் தேதி, அதே ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள லொசான் நகரில் பினின்ஃபரீனா காலமானார். வயது 72. அவ்வாண்டு ஜூன் இறுதியில் அண்ணன் மகன் நீனோவும் பிரெஞ்சு மலைச்சாலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் இறந்தார். கணவாய் மீன் ஓடு என்று கேலிக்குள்ளான அந்தக் கார், அவ்வப்போது சிறு மாற்றங்களோடு, 1990-களின் தொடக்கம் வரை தயாராகிக்கொண்டிருந்தது.